நான் மூணு நாள் வேண்டாம்னு தள்ளுன டப்பா

போன மாசி மாசம் ஒரு செவ்வாய்க்கெழம காலையில போன் வந்துச்சு. என் மக சங்கரிக்கு நெஞ்சுல சளி கட்டி, மூச்சு விட முடியாம ஐ.சி.யு.வுல வச்சிருக்காங்கன்னு அவ கூடப் படிக்கிற பிள்ள அழுதுக்கிட்டே சொல்லிச்சு. சங்கரி இருக்கது ஜார்ஜியா நாட்டுல, திபிலிசிங்கிற ஊர்ல. டாக்டருக்குப் படிக்கா, ரெண்டாவது வருஷம். நான் இருக்கது சங்கரன்கோவில்ல, ஒரு விதைக்கடையில. பனவடலிசத்திரத்துக்காரர் ஒருத்தருக்கு உளுந்து விதை நிறுத்துக்கிட்டு இருந்தேன். தராச அப்படியே விட்டுட்டுக் கோயிலுக்கு ஓடினேன்.

என் பேரு ஆவுடையப்பன். எனக்குக் கோவம் சீக்கிரம் வரும், வார்த்தை அதுக்கும் முந்தி வந்துரும். அன்னைக்கும் அப்படித்தான். கோமதி அம்மன் சன்னதியில நின்னு, எம்பிள்ள எழுந்திரிச்சு உக்காந்தாப் போதும், ஆடித் தபசுத் திருவிழா வரைக்கும் கறி, மீனு, முட்டை தொட மாட்டேன்னு வேண்டினேன். சொல்லி வாய மூடல, அது பத்தாதுன்னு தோணிட்டு. கறிய விடுறது பெரிய காரியமா? ஊர்ல பாதிப் பேரு செவ்வா வெள்ளி விடத்தான செய்தான். அதனால பாலு, தயிரு, மோரு, நெய்யின்னு ஒவ்வொண்ணாச் சேத்துக்கிட்டே போனேன். எங்க ஊரு பிரியாணிக்குப் பேர் போன ஊருன்னு உங்களுக்கே தெரியும். ஞாயித்துக்கெழம மட்டன் இல்லன்னா வீட்டுல சண்டை போடுற ஆளு நான். வீட்டுக்காரி செல்விட்ட சொன்னேன். "காப்பியில்லாம ஒரு நா இருந்திருவியளா?"ன்னு மட்டும் கேட்டா. பெறவு அவளும் அழுதா.

முன்னால துபாய்ல டிரைவரா இருந்தவன், பாஸ்போர்ட் கையில இருந்துச்சு. விசா வர ஒரு வாரம் ஆயிட்டு. நான் போய்ச் சேரும்போது பிள்ளைய வார்டுக்கு மாத்திட்டாங்க. தலகாணியில சாஞ்சு உக்காந்திருந்தா. என்னயப் பாத்ததும் சிரிச்சா. ஆனா கன்னம் ஒட்டிப் போய், கை குச்சியா இருந்துச்சு. மருந்து வேலை செஞ்சிட்டு, இனிமே நல்லாச் சாப்பிட்டாத்தான் உடம்பு தேறும், இல்லன்னா திரும்பவும் படுத்திரும்னு டாக்டரம்மா இங்கிலீஷ்ல சொன்னாங்க. அம்மன் கோயில்லருந்து கொண்டு போயிருந்த புற்று மண்ண நெத்தியில பூசி விட்டேன். விரதத்தப் பத்தி மட்டும் மூச்சு விடல. டாக்டருக்குப் படிக்க பிள்ள, சுகர் மாத்திரை போடுற அப்பன் இப்படி விரதம் இருக்கான்னு தெரிஞ்சா ஏசும்.

மத்தியானம் ஆஸ்பத்திரி கேண்டீனுக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள்ள என்னென்னமோ இருந்துச்சு. வேடிக்கை பாக்குறதுன்னா எனக்குப் பசிகூடத் தெரியாது. வட்டமா ஒரு ரொட்டி, படகு மாதிரி ஒரு ரொட்டி, எதுக்குள்ள என்ன இருக்குன்னு குனிஞ்சு குனிஞ்சு பாத்தேன். வெஜிடேரியன்னு சொன்னேன். அந்தப் பொண்ணு சந்தோஷமா ஒரு ரொட்டிய எடுத்துப் பிச்சுக் காட்டுச்சு. உள்ள பூராவும் சீஸு, நூல் நூலா இழுக்கு. இன்னொண்ணு எடுத்தா, அதுலயும் சீஸு. சூப்புல வெள்ளையா பாலாடை மிதக்கு. வெறும் ரொட்டியா வாங்கலாம்னு பாத்தா, மாவுல பாலு ஊத்திப் பிசைஞ்சிருப்பானோன்னு சந்தேகம். யாருட்ட கேக்க? மகட்ட கேட்டா விரதம் வெளிய வந்துரும். ரெண்டு ஆப்பிள வாங்கிட்டு மேல வந்து, நல்ல சாப்பாடுன்னு பொய் சொன்னேன்.

சங்கரி கூட்டாளிப் பிள்ளைக ரெண்டு பேரு சாயந்திரம் டப்பாவுல தயிர்சாதம் கொண்டாந்தாக. எனக்காவே செஞ்சதாம். வயிறு சரியில்லன்னுட்டேன். பாவம், அந்தப் பிள்ளைக மொகம் வாடிப் போச்சு. பரீட்சை நேரத்துல எனக்காவ அலைய வேண்டாம், நான் கேண்டீன்லயே பாத்துக்கிடுதேன்னு அனுப்பி வச்சேன்.

பக்கத்துக் கட்டில்ல ஒரு பொண்ணு கெடந்தா, பேரு தமுனா. எம்பிள்ள வயசுதான். ரெண்டு கிட்னியும் பழுதாயிட்டு. அவ அம்மா நினோதான் கூட இருந்தாங்க. கருப்பு உடுப்பு, தலையில துணி, கழுத்துல ஒரு சின்னச் சிலுவை. பாஷை தெரியாட்டாலும் முதல் நாளே எனக்கு நாக்காலி இழுத்துப் போட்டவங்க. மத்தியானம் ஆனா ஒரு டப்பாவத் திறப்பாங்க. திறந்ததும் முதல்ல என் பக்கம் நீட்டுவாங்க. நான் கையெடுத்துக் கும்பிட்டு, வேண்டாம்னு தலைய ஆட்டிருவேன். உள்ள என்னன்னு எட்டிக்கூடப் பாக்கல. எல்லாத்தையும் குனிஞ்சு பாக்குறவன், அத மட்டும் பாக்கல. சிலுவை போட்டவங்க டப்பாவுல கறி இல்லாம என்ன இருக்கும்னு நானே முடிவு கட்டிட்டேன். மூணு நாளும் நீட்டுனாங்க, மூணு நாளும் தள்ளுனேன்.

செல்வி கட்டிக் குடுத்த சேவும் பொரிகடலையும் ரெண்டாம் நாளே தீந்துட்டு. பருப்புப் பொடி இருந்துச்சு, அதத் தொட்டுத் திங்க ஒண்ணுமில்ல. மாத்திரைய மட்டும் தவறாமப் போட்டேன். நாலாம் நாள் காலையில சங்கரிக்குத் தண்ணி ஊத்தும்போது கை வெடவெடன்னு ஆடுச்சு, சட்டை பூரா வேர்வை. கண்ண முழிச்சுப் பாக்கேன், கட்டில் காலுகிட்டக் கெடக்கேன். நர்ஸு விரல்ல குத்திச் சுகர் பாத்து, பழச்சாறு குடிக்க வச்சாங்க. இன்னும் கொஞ்சம் எறங்கியிருந்தா உசுருக்கே ஆபத்தாயிருக்கும்னாங்க.

சங்கரி என்னயவே பாத்துக்கிட்டு இருந்தா. என்ன சாப்பிட்டீங்கன்னு கேட்டா. சூப்புன்னேன். என்ன சூப்புன்னு கேட்டா. அதுக்கு மேல மறைக்க முடியல, எல்லாத்தையும் சொல்லிட்டேன்.

ஏசுவான்னு நெனச்சேன். ஏசியிருந்தாத் தேவல. பக்கத்துல இருந்த சாப்பாட்டுத் தட்ட மெதுவாத் தள்ளி வச்சா.

"எனக்காகத்தான பட்டினி கெடக்கிய? நீங்க என்னைக்குச் சாப்பிடுதியளோ, அன்னைக்கு நானும் சாப்பிடுதேன்."

"ஏட்டி, கிறுக்கா ஒனக்கு? டாக்டர் என்ன சொன்னாக?"

"டாக்டர் உங்களயுந்தான் சாப்பிடச் சொல்லுதாங்க."

என் பிடிவாதம் எங்க போகும், அவ ரத்தத்துலதான ஓடுது. ஆப்பிள் தின்னுக்கிடுதேன்னேன், அது சாப்பாடு இல்லன்னுட்டா; சோறாக்கித் தரச் சொல்லலாம்னா, கூட்டாளிப் பிள்ளைகளுக்கு அன்னைக்குப் பரீட்சை. மத்தியானத் தட்டும் அப்படியே திரும்பிப் போச்சு. கெஞ்சுனேன், மெரட்டுனேன், போன்ல செல்விய விட்டு அழச் சொன்னேன். ஒண்ணும் நடக்கல. நான் ஒரு வாய் பால்சோறு தின்னா அவ சாப்பிட்டுருவா. தின்னா, அவ உசுருக்காவ அம்மன்ட்ட குடுத்த வாக்கு போயிரும். திங்கலன்னா, அவ உடம்பு போயிரும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு எங்கப்பா என்னய ஏசினது சும்மா இல்ல.

வராண்டாவுல ஒரு ஜன்னல் இருந்துச்சு. அங்கன போய் நின்னேன். எந்தப் பக்கம் பாத்துக் கும்பிடுறதுன்னே தெரியல. நம்ம ஊரு எந்தத் திசையில இருக்கு? வெளிய பாத்தா மலை, மலைமேல ஒரு சர்ச். இவ்வளவு தூரம் அம்மன் கண்ணு எட்டுமான்னு ஒரு சந்தேகம் வந்துச்சு. ஒளிக்காமச் சொல்லுதேன், வந்துச்சு. ஆனாலும் சண்டை போட்டேன். "தாயே, ஒனக்காவ நான் விட்ட பாலு, எம்பிள்ள வாயில சோத்த நிப்பாட்டிட்டே. வாக்க வாங்குனவ நீதான், வழியும் நீதான் காட்டணும். எனக்குப் பசிக்குதுன்னு கேக்கல. அவ சாப்பிடணும்." இவ்வளவுதான் என் பிரார்த்தனை. தேவாரம் கெடையாது, மந்திரம் கெடையாது. சின்னப் பிள்ள மாதிரி ஏங்கி ஏங்கி அழுதேன்.

கண்ணத் தொடச்சுட்டு உள்ள வாரேன், நினோ அம்மா சங்கரி கட்டில்ல உக்காந்திருக்காங்க. அப்பா ஏன் அழுதாரு, நீ ஏன் தட்டத் தள்ளுதன்னு கேட்டிருக்காங்க. சங்கரி தனக்குத் தெரிஞ்ச அந்த ஊரு பாஷையில, எங்க அப்பா எனக்காவ எங்க அம்மன்ட்ட வேண்டியிருக்காரு, கறி இல்ல, மீன் இல்ல, முட்டை இல்ல, பால் இல்லன்னு விரல மடக்கி மடக்கிச் சொல்லிக்கிட்டு இருந்தா. அந்தம்மா வாயில கை வச்சுக்கிட்டாங்க. பெறவு விறுவிறுன்னு எழுந்திரிச்சுப் போய் அந்த டப்பாவக் கொண்டாந்து என் மடியில வச்சாங்க. அவங்களும் ஒவ்வொரு விரலா மடக்கி என்னமோ சொன்னாங்க. சங்கரி சொல்லச் சொல்ல எனக்கு உடம்பு சிலுத்துட்டு. "அப்பா, இவங்களுக்கும் விரதமாம். இவங்க பண்டிகை வரைக்கும் கறி, முட்டை, பால் எதுவும் தொட மாட்டாங்களாம். மூணு நாளா இதத்தான் உங்களுக்கு நீட்டுனாங்களாம்."

கையில வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சேன்னு சொல்லணும். விரதக்காரன் அந்தப் பழமொழியச் சொல்லலாமா தெரியல, ஆனா அதுதான் நடந்துச்சு. அரியும் சிவனும் ஒண்ணுன்னு காட்டுறதுக்கு அம்மன் தவம் இருந்த ஊர்ல பிறந்தவன் நான். ஒரு சிலுவையப் பாத்துட்டு டப்பாவத் திறந்துகூடப் பாக்கல. வெக்கமா இருந்துச்சு.

டப்பாவுக்குள்ள செவப்பு பீன்ஸ் பயற வேகவச்சு, கொத்தமல்லி போட்டு மசிச்சிருந்தாங்க. மக்காச்சோள மாவுல தண்ணி மட்டும் ஊத்தித் தட்டுன ரொட்டி, நம்ம சோள அடை மாதிரி. கத்திரிக்காய நீளமா அரிஞ்சு வதக்கி, உள்ள ஏதோ ஒரு விழுது வச்சுச் சுருட்டி, மேல மாதுளை முத்து தூவியிருந்துச்சு. ஒரு வாய் வச்சேன். விழுதுல வெந்தய வாசம் வந்துச்சு! ஏழெட்டு வருஷமா வெந்தய விதை விக்குறவன் மூக்கு ஏமாறாது. வெந்தயம்தானன்னு சங்கரி மூலமாக் கேட்டேன். ஆமா, வால்நட்டும் பூண்டும் வெந்தயமும் அரைச்சதுன்னு சொல்லி, இந்த மனுஷனுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு ஆச்சரியப்பட்டாங்க. புளிப்பா ஒரு சாறு குடுத்தாங்க, ஏதோ காட்டுப் பிளம்ஸாம், நம்ம புளிக்குழம்புக்குச் சொந்தக்காரன். என் பருப்புப் பொடிய நான் எடுத்து நீட்டுனேன். அந்தம்மா ஒரு சிட்டிகை வாயில போட்டுட்டுக் கண்ணுல தண்ணி வர இருமுனாங்க. பெறவு இன்னும் கொஞ்சம் கேட்டாங்க.

நான் ரெண்டாவது ரொட்டிய எடுக்கும்போது சங்கரி கைய நீட்டுனா. "எனக்கும் பிச்சுக் குடுங்க." அந்த ஒரு வார்த்தைக்காவ நான் இன்னும் பத்து விரதம் இருப்பேன். பீன்ஸ் பயறும் சோள ரொட்டியும் அவளே பிசைஞ்சு சாப்பிட்டா. டாக்டரம்மாவும் பாத்துட்டு, பயறுதான, நல்லது, ஆஸ்பத்திரிச் சாப்பாட்டோட இதையும் குடுங்கன்னுட்டாங்க.

மறுநாள் நினோ அம்மா ஒரு தாள்ல 'சமர்க்வோ'ன்னு அந்த ஊரு எழுத்துல எழுதிக் குடுத்தாங்க. விரதச் சாப்பாடுன்னு அர்த்தமாம். அதத் தூக்கிக்கிட்டு ஊரச் சுத்துனேன். எந்தக் கடையில நீட்டுனாலும், ஓ நீங்களுமான்னு கேக்குற மாதிரி ஒரு சிரிப்பு சிரிச்சுட்டுத் தனி மெனு அட்டைய எடுத்துக் குடுத்தாங்க. பயறு வச்ச ரொட்டி, உருளக்கெழங்கு வச்ச ரொட்டி, காளான், கீரை உருண்டை. சந்தையில பயறு மட்டும் அத்தனை நெறத்துல குமிச்சு வச்சிருந்தான். ஒவ்வொண்ணா அள்ளி மோந்து பாத்துக்கிட்டே நின்னேன். பத்து நாள்ல பிள்ள ஆஸ்பத்திரிய விட்டு நடந்து வெளிய வந்தா.

கெளம்புற அன்னைக்கு மீதிப் புற்று மண்ண நினோ அம்மாட்ட குடுத்து, இது எங்க தாயோட மருந்துன்னு சொல்லச் சொன்னேன். நெஞ்சுல சிலுவைக் குறி போட்டுக்கிட்டு, அதத் தமுனா நெத்தியில தொட்டு வச்சாங்க. சங்கரிக்காவ அவங்க கோயில்ல தினமும் மெழுகுவத்தி கொளுத்திட்டு வந்திருக்காங்க, முதல் நாள்லருந்தே. என்ட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. "உங்க தாய்கிட்ட எம்பிள்ள பேரச் சொல்லுவீங்களா?"

ஆடித் தபசு அன்னைக்கு எள்ளு போட்டா எள்ளு விழாது, அவ்வளவு கூட்டம். என் நேர்த்திய முடிச்சுட்டு, சங்கரி பேருக்கு அர்ச்சனை பண்ணச் சொன்னேன். பெறவு இன்னொரு பேருன்னேன். அய்யரு நட்சத்திரம் கேட்டாரு, தெரியாதுன்னேன். ராசி கேட்டாரு, தெரியாதுன்னேன். ஊராவது சொல்லும்னாரு. சொன்னேன். என்னய ஒரு பார்வை பாத்துட்டு, அந்தப் பேரத் திருத்தமா ரெண்டு தடவை சொல்லி அர்ச்சனை பண்ணுனாரு.

அந்த வார ஞாயித்துக்கெழம, விரதம் முடிஞ்சுட்டேன்னு செல்வி மட்டன் எடுத்துக் குழம்பு வச்சிருந்தா. இலையில உக்காந்தேன். சங்கரிட்ட இருந்து போன். அவ நல்லா இருக்கா, காலேஜுக்குப் போறா. தமுனாவத் திரும்பவும் சேத்திருக்காங்களாம், இன்னும் மாத்துக் கிட்னி கெடைக்கலையாம். போன வச்சேன். கொழம்பு வாசம் ஆளத் தூக்குது, பொய் சொல்லல. செல்விட்ட, இத எடுத்து வச்சிரு, எனக்கு விரதம் இன்னும் முடியலன்னு சொன்னேன். அவ துவையல் அரைக்கப் போனா.

எனக்கு வழி காட்டுன தாய் உங்களுக்கும் காட்டுவா. நீங்க கேக்குறதுக்கு முந்தியே யார் கையிலயாவது குடுத்து உங்க முன்னால நீட்டிக்கிட்டு இருப்பா, தள்ளிராதீங்க. உங்க கஷ்டத்த அவட்ட தைரியமாச் சண்டை போட்டுக் கேளுங்க. கேக்கும்போது கூட ஒரு பேரையும் சேத்துச் சொல்லுங்க. நட்சத்திரம் தெரியாது. பேரு தமுனா.