கெங்கம்மாளின் ஓதச் சுவர்

கெங்கம்மாள் வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் அடுப்படியைப் பார்க்க மாட்டாள், கிணற்றைப் பார்க்க மாட்டாள். நேராகப் போய்ச் சுவரில் கன்னத்தை வைப்பாள். ஜில்லென்று பட்டால், "வேணாங்க, வர்றோம்" என்று திரும்பிவிடுவாள். கல்யாணமான புதிதில் திண்டிவனத்தில் ஓதம் பிடித்த வீட்டில் குடியிருந்தாள். கூறைப்புடவை பெட்டிக்குள்ளேயே பூசணம் பூத்து, எடுத்த கையோடு கிழிந்துவந்தது. அன்று பிடித்த பிடிவாதம் அது.

அவ்வளவு சூதானமானவளும் ஒருதரம் ஏமாந்தாள். எப்படி ஏமாந்தாள் என்று கேட்டால், தை மாதத்தில் ஏமாந்தாள்.

அவள் புருஷன் கண்ணையனுக்கு பஸ்ஸில் கண்டக்டர் வேலை. விடிகாலை முதல் ட்ரிப் விழுப்புரத்திலிருந்து புறப்படுவதால் அங்கேயே வந்து தங்கச் சொல்லிவிட்டார் முதலாளி. அறுபத்திரண்டாம் வருஷம் அது. மார்கழியில் யாரும் வீடு மாறமாட்டார்கள். தை பிறந்ததும்தான் மாறுவார்கள். பொங்கலுக்கு ஊரே வெள்ளையடித்து வைத்திருக்கும். புதுச் சுண்ணாம்பில் கன்னத்தை வைத்தால் எந்தச் சுவரும் ஜில்லென்றுதான் இருக்கும். நல்ல சுவர் எது, நீர் குடித்த சுவர் எது என்று யாருக்குத் தெரியும்? தொட்டுப் பார்த்தாள், 'சுண்ணாம்புக் குளிர்ச்சி' என்று நினைத்தாள், பாலைக் காய்ச்சிவிட்டாள்.

ஐப்பசி மழை வந்தது. சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. இடுப்பு உயரத்துக்குக் கறுப்பாகப் பூசணம் ஏறியது. நான்கு வயது மகள் கிருஷ்ணவேணிக்கு இழுப்பு வந்தது. நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம். ஆஸ்பத்திரியில் டாக்டர் மருந்து கொடுத்துவிட்டுச் சொன்னார்: "இந்தப் பூசணம் இருக்கிற வரைக்கும் மருந்து கேக்காதும்மா. ஒண்ணு சுவரை மாத்து, இல்ல வூட்டை மாத்து."

அடைமழையில் வீட்டை எங்கே மாற்றுவது?

வீட்டுக்காரர் சக்கரபாணி அதே சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்தார். பஜாரில் பாத்திரக்கடை. பெண்டாட்டி போய்ச் சேர்ந்த பிறகு அவருக்கு மிச்சமிருந்த ஒரே ஆசை வெள்ளை ஜிப்பா. நீலம் போட்டு, கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல் போவார், வருவார். கெட்ட மனுஷர் இல்லை. கை மட்டும் இறுக்கம்.

கெங்கம்மாள் போய்ச் சொன்னாள். அவர் சிரித்தார்.

"ஈரத் துணிய உள்ள காயப் போட்டுக்கினு இருந்தா ஓதம் அடிக்காம இன்னா பண்ணும்மா?"

சரி என்று துணியையெல்லாம் எதிர்வீட்டு மாட்டுக்கொட்டகையில் கொண்டுபோய்க் காயப் போட்டாள். புடவையில் சாணி நாற்றம் ஏறியதே தவிர, சுவர் காயவில்லை. மறுபடியும் போனாள்.

"நீ சோறு வடிக்கிற ஆவிம்மா அது."

"அப்ப மூச்சு வுடறதையும் நிறுத்திக்கட்டுமாண்ணே? அதுவும் ஆவிதான."

"இன்னாம்மா பேஜாரா பூடுச்சு உன்னோட" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

கண்ணையனுடைய பஸ்ஸில் வெங்கடாசலம் என்று ஒரு வக்கீல் குமாஸ்தா தினமும் வருவார். கண்ணையன் அவரிடம் புலம்பினான். ஞாயிற்றுக்கிழமை அவரே வீடு தேடி வந்து சுவரைப் பார்த்தார்.

"தோ பாரும்மா. வாடகை வாங்கறவர் சுவரை நல்லா வெச்சுத் தரணும். அது அவர் பொறுப்பு. சொல்லியும் செய்யலைன்னா வாடகைக் கோர்ட்டுன்னு ஒண்ணு இருக்குது. மனு போட்டா, நீங்களே ரிப்பேர் பண்ணிட்டு வாடகையில கழிச்சுக்கச் சொல்லி உத்தரவு தருவாங்க. ஆனா உத்தரவு இல்லாம நீயா கழிக்காத. அதையே சாக்கா வெச்சு உன்னை வெளிய தள்ளிருவாரு."

"நான் ஏன் கழிக்கறேன்? ஒண்ணாந்தேதி வெத்தலையில வெச்சுத் தர்றவ நானு."

அந்த ஒன்றாந்தேதி சக்கரபாணி வாடகைக்கு வந்தார். கெங்கம்மாள் விளக்கேற்றாமல் மழை இருட்டிலேயே பாயைச் சுவரோரமாக விரித்தாள், காபி கொடுத்தாள், வாடகையையும் வெற்றிலையில் வைத்துக் கொடுத்தாள். மனுஷர் சௌகரியமாகச் சாய்ந்துகொண்டார்.

"எங்கம்மா ஓதம்? நல்லாத்தான கீது?"

"நல்லா சாஞ்சி உக்காருங்கண்ணே" என்றாள் கெங்கம்மாள். காபி இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். அவர் கடை வைத்த கதையெல்லாம் சாவகாசமாகப் பேசினார். பிறகு எழுந்து பஜாருக்குப் போனார்.

வெள்ளை ஜிப்பாவின் முதுகு முழுக்கக் கறுப்பும் பச்சையுமாகப் பூசணம்! பஜாரில் ஒருத்தரும் சொல்லவில்லை. சவுரிராயன் என்கிற சைக்கிள் கடைக்காரன்தான் கடைசியில் கேட்டான்: "இன்னா முதலாளி, எந்தப் பாழுங்கெணத்துல வுழுந்து எழுந்து வர்றீங்க?"

சக்கரபாணி திரும்பி வந்த வேகத்தில் வாசலில் கோழிகள் சிதறின.

"வேணும்னே உக்கார வெச்சியா? தை பொறந்ததும் காலி பண்ணு!"

"போன தையிலதாண்ணே ஏமாந்தேன். இன்னொரு தையில ஏமாற மாட்டேன். சுவரைச் சரி பண்ணுங்க. இல்லைன்னா மனு போடறேன். வாடகை ஒரு நாள் தவறியிருக்கனா, சொல்லுங்க. எதைச் சொல்லி எங்களைத் தள்ளுவீங்க?"

அவர் வாயைத் திறந்தார். அதற்குள் உள்ளே கிருஷ்ணவேணிக்கு இழுத்தது. கெங்கம்மாள் பிள்ளையை வாரித் தோளில் போட்டு முதுகைத் தடவிக்கொண்டே வெளியே வந்தாள். குரல் இறங்கிவிட்டது அவளுக்கு.

"கொஞ்ச நேரம் சாஞ்சதுக்கே ஜிப்பா இந்தக் கதின்னா, ராவும் பகலும் இங்கயே கெடக்கற இவ நெஞ்சு இன்னா கதிக்கு ஆகும்ண்ணே?"

சக்கரபாணி பிள்ளையின் விலா ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஜிப்பாவைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, பனியனோடு உள்ளே போய், சுவர் நெடுக உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

அந்த வாரமே கொத்தனார் வந்தார். காரையைக் கொத்தியதும் தெரிந்தது. சக்கரபாணியின் மொட்டைமாடித் தண்ணீர் இறங்குகிற மண்குழாய் சுவருக்குள்ளேயே உடைந்து கிடந்தது. அவர் வீட்டு மழையைத்தான் இத்தனை நாளும் இவள் வீட்டுச் சுவர் குடித்திருக்கிறது. குழாயைச் சுவருக்கு வெளிப்பக்கமாக மாற்றிவிட்டார்கள். சுவர் காய்கிற வரைக்கும் கெங்கம்மாள் பிள்ளையைத் திண்டிவனத்தில் அம்மா வீட்டில் விட்டுவைத்தாள்.

பொங்கல் வந்தது. "வெள்ளையடிச்சுடலாமா?" என்று ஆசையாகக் கேட்டார் சக்கரபாணி.

"செங்கல்லு காயட்டும். அதுவரைக்கும் ஒரு சொட்டு சுண்ணாம்பு படக்கூடாது."

"ஊரே சிரிக்கும்மா. நல்ல நாளு."

"சிரிக்கட்டும்."

தெரு முழுக்க வெள்ளை வெளேரென்று இருக்க, அந்த வீட்டுக்குள் மட்டும் பூச்சில்லாத வெறும் செங்கல்லாக ஒரு சுவர் நின்றது. பொங்கப்பானையை அதன் முன்னாலேயே இறக்கிவைத்துக் கும்பிட்டாள். சித்திரையில்தான் பூச விட்டாள், வெள்ளையடிக்க விட்டாள். பிறகுதான் பிள்ளை வந்தாள்.

அடுத்த ஐப்பசியும் வந்தது. மழையென்றால் மழை, தெருவில் ஓடை ஓடியது. வெளியே போகமுடியாத கிருஷ்ணவேணி, மூச்சுப் பிடித்து "கபடி, கபடி" என்று கத்திக்கொண்டு அந்தச் சுவருக்கும் இந்தச் சுவருக்குமாக ஓடினாள். அந்தப் பக்கமிருந்து சக்கரபாணி சுவரைத் தட்டினார்.

"கெங்கம்மா! புள்ளைய அடக்கு, காது கிழியுது!"

"அது இன்னாமா ஒரே மூச்சுல பாடுது, கேளுங்கண்ணே!"

தட்டுவதை விட்டுவிட்டு, கையைச் சுவரில் வைத்தபடி கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார்.