மைக் செட்காரரின் உள்ளங்கை

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு காதணி விழாவில்தான் அந்த மைக் செட்காரரைப் பார்த்தேன். ஒல்லியான ஆள். இரண்டு காதிலும் பஞ்சு வைத்திருந்தார். சத்தம் சரியாக இருக்கிறதா என்று காதால் கேட்டுப் பார்க்கவே மாட்டார். ஸ்பீக்கர் பெட்டி மேல் உள்ளங்கையை வைத்து, அதிர்வை வைத்தே கூட்டுவார், குறைப்பார்.

எனக்கு வலது காதில் ஓயாத இரைச்சல். வெளியே சத்தம் கூடினால் உள்ளேயும் கூடும். பொறுக்க முடியாமல் அவரிடம் போனேன்.

"அண்ணே, கொஞ்சம் குறைங்க. காதுக்குள்ள இரையுது."

"பாட்டு ஏறுனா அதுவும் கூடவே ஏறுதா சார்?"

டாக்டரைத் தவிர வேறு யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. தலையாட்டினேன்.

"எனக்கும் அப்படித்தேன். போகப்போகப் பழகிரும்னு டாக்டர் சொன்னாரு. இன்னும் பழகல."

"அப்ப இந்தத் தொழிலை விட்றலாம்லண்ணே?"

"ரெண்டு மாசம் விட்டுப் பாத்தேன். வீட்டுல சும்மா உக்காந்தா அது மட்டும் தனியாக் கத்துது சார்."

சொல்லிக்கொண்டே சத்தத்தைக் குறைத்தார். என் காதும் மெல்ல அடங்கிக்கொண்டு வந்தது. அதற்குள் தாய்மாமன் சீர்வரிசை தெருமுனைக்கு வந்துவிட்டது. சீர் வருவது பக்கத்து ஊர் வரை கேட்காவிட்டால் மாமனுக்கு மரியாதை இல்லை.

"என்னப்பா, செட்டு செத்துப் போச்சா?" என்று அங்கிருந்து ஒருவர் அதட்டினார்.

மைக் செட்காரர் சட்டைப்பையிலிருந்து கொஞ்சம் பஞ்சை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"கூட்டப் போறேன் சார். பொத்திக்கங்க."

என்னிடம் சொல்லிவிட்டுச் சத்தத்தைக் கூட்டியவர் இதுவரை அவர் ஒருவர்தான்.