இரண்டு ஞானமுத்துகளும் ஒரு சட்டையும்

சபையில் எழுந்து நின்று பேச எனக்குக் கூச்சம். அதனால் ஆண்டவர் எனக்குச் செய்ததை எழுதித் தருகிறேன்.

அது 1978, ஜூலை மாதம். மலையில் விடாத மழை. என் மகன் ஞானமுத்துவுக்கு ஆகஸ்டில் ஒரு வயது முடிய இருந்தது. அதற்குள் மெட்ராஸ் தூதரகத்தில் அவனை மலேசியக் குடிமகனாகப் பதிய வேண்டும். என் வீட்டுக்காரருக்குப் பினாங்கில் மளிகைக் கடை, அந்த நாட்டுக் குடியுரிமை. நாள் தாண்டினால் பெரும்பாடு என்று எழுதியிருந்தார். கல்யாணமாகிப் பல வருடம் ஏங்கிப் பெற்ற பிள்ளை. அவனை எங்கள் ஊர் போடியில் விட்டுவிட்டு நான் மட்டும் எப்படிக் கப்பல் ஏறுவேன்?

என் கணவரின் அண்ணனும் பினாங்கில்தான். அவர் மனைவி எஸ்தர் அக்காவுக்கு எல்லாமே முந்திக் கிடைத்தது. அவள் மகன் இரண்டு மாதம் மூத்தவன். எங்கள் குடும்பத்தில் தலைப்பிள்ளைக்குத் தாத்தா பெயர்தான். அதனால் அவனும் ஞானமுத்து. அவனுக்குப் பினாங்கிலிருந்து வாத்துப் படம் போட்ட சட்டை வந்தது. அவன் காகிதம் ஒரே தடவையில் முடிந்தது. கப்பல் டிக்கெட்டும் வந்துவிட்டது. ஏலக்காய்க் களத்தில் காய் பொறுக்கும்போது, "ஓரகத்தி கப்பல் ஏறப் போறாளாம்ல? நீ எப்பத்தா?" என்று கேட்பார்கள். எனக்கு வயிறு எரியும்.

என் பிள்ளை மட்டும் என்ன குறைச்சல்? அக்காவிடம் கேட்க மனமில்லாமல், மாமியாரிடம் சொல்லி அந்த வாத்துச் சட்டையை இரவல் வாங்கினேன். அவள் மகனுக்கு அந்தச் சட்டையில் படம் எடுத்த அதே ஸ்டுடியோவில், அதைப் போட்டே படம் எடுத்து மனுவோடு வைத்தேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என் அண்ணனோடு மெட்ராஸ் போனேன்.

அதிகாரி அக்கா மகனின் பழைய மனுவை எடுத்து, இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார். ஒரே பெயர், ஒரே தாத்தா, ஒரே வீட்டு விலாசம், ஒரே முகச்சாயல். சட்டையும் ஒன்று.

"அம்மா, இந்தக் குழந்தைக்குத்தான் ஏற்கெனவே பதிவு முடிஞ்சிருக்கே? ஒரே பிள்ளையைக் காட்டி ரெண்டு பேருக்கு வாங்கறதும் உண்டு. நான் உங்களைச் சொல்லலை. அந்தக் குழந்தையையும் அவங்கம்மாவையும் கூட்டிட்டு வாங்க. நேர்ல பார்த்துட்டா போதும்" என்றார்.

ரயிலில் அழுதுகொண்டே வந்தேன். வீட்டில் முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, அவளிடம் மட்டும் என்னைப் போகச் சொல்லாதேயும். வேறு வழி காட்டும்" என்று கேட்டேன். நாள்தான் போனது. வேறு வழி திறக்கவில்லை. கடைசியில், "சரி ஆண்டவரே, போகிறேன். நீரே என்னோடு வந்து பேசும்" என்று மாற்றி ஜெபித்தேன்.

அக்கா விடைபெற்று வரப் போடிமெட்டில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். எஸ்டேட் ஆட்களோடு ஜீப்பில் ஏறிப் போனேன். பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். புதுப் பெட்டி. அதைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பிவிடத் தோன்றியது. எப்படியோ சொல்லி முடித்தேன்.

"ஏன்டி, இதக் கேக்கவா இத்தன நாளு? மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்க?" என்றாள்.

"ஒங்க கப்பலு போயிருமேக்கா."

"போனா அடுத்த கப்பலு. பிள்ளைக்கு வயசு நிக்குமா? வெரசா கெளம்பு."

அந்த வார்த்தையிலும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. நல்லவளாக இருக்கவும் அவளால்தான் முடிந்தது.

மெட்ராஸில் இரண்டு பிள்ளைகளையும் பெஞ்சில் உட்கார வைத்தோம். என் மகன் அவள் மகனின் முடியைப் பிடித்து இழுத்தான். அவன் வீறிட்டான். அதிகாரி எழுந்து வந்து, "ரெண்டும் ஞானமுத்துவா?" என்றார்.

"எங்க மாமனார் பேரு சார். இன்னொரு கொழுந்தன் இருக்கான். அவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகல. அவன் பிள்ளையும் வரும், பதறிராதீங்க" என்றாள் அக்கா.

அவர் சிரித்துவிட்டார். ஆகஸ்ட் பிறக்குமுன் என் மகனின் பதிவுக் காகிதம் கையில் கிடைத்தது. அக்காவின் கப்பல் அவளை விட்டுவிட்டுப் போயிருந்தது. அவள் அதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. எனக்கு விசா வரும்வரை காத்திருந்து என்னோடே கப்பல் ஏறினாள். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

இப்போது விடுமுறைக்கு வந்திருக்கிறேன். மகன் பினாங்கில் பள்ளியில் படிக்கிறான். அக்காவின் வீடு என் வீட்டைவிடப் பெரியது. பார்த்தால் இன்றும் சில நாள் வயிறு எரியும். முன்பு அதை மனதிலே வைத்துப் புழுங்குவேன். இப்போது உடனே ஆண்டவரிடம் சொல்லிவிட்டு, அவளுக்காகவும் ஜெபிக்கிறேன். எரிச்சல் அடங்குகிறது.

பிரியமானவர்களே, நீங்களும் கேளுங்கள், அவர் தருவார். ஆனால் யாரைக் கண்டால் உங்களுக்கு ஆகாதோ, அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டச் சொல்லக்கூடும். தயங்காமல் தட்டுங்கள். உங்களுக்கு முன்னே ஆண்டவர் அங்கே போயிருப்பார்.