லேமினேஷன் கடைக்காரர் மகளை வழியனுப்பியது

அந்தக் கடைத்தெருவில் லேமினேஷன் கடைக்காரர் எங்கே என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு கை காட்டுவார்கள். மனிதர் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியதில்லை. ஆனால் அந்த வட்டாரத்தில் பட்டம் வாங்கிய அத்தனை பேரின் பட்டமும் அவர் கை பட்டுத்தான் சுவரேறியிருக்கிறது. "காலேஜ் குடுக்கிறது வெறும் காகிதம். அது கரையான் வாய்க்குப் போகாம காப்பாத்துறவன் நான்" என்று வாடிக்கையாளர் காதுபடவே சொல்லுவார். சும்மா சொல்லவில்லை. பழைய இரும்புக் கடையில் கிடந்த மிஷினைத் தூக்கி வந்து, உருளையைத் தானே மாற்றி, எவரிடமும் கைகட்டி நிற்காமல் தொழில் கற்றவர். அவர் ஒட்டியதில் ஒரு குமிழி இருக்காது. ஓரம் பிரிந்து வந்ததாக ஒருவரும் திரும்பி வந்ததில்லை.

அவருக்கு ஒரே மகள். பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பில் இலக்கியமும் வரலாறும் எடுத்திருந்தாள். "கதை படிச்சு என்னத்தைக் கிழிக்கப் போறா?" என்று கேட்ட மைத்துனனை, "நீ கணக்குப் படிச்சு என்னத்தைக் கிழிச்சே?" என்று ஒரே கேள்வியில் உட்கார வைத்தார். அந்த மகளைத்தான் பள்ளி வெளிநாட்டுப் பயணத்துக்குத் தேர்ந்தெடுத்தது. பழைய எழுத்தாளர்கள் வாழ்ந்த வீடுகள், இடிந்த கோட்டை, அருங்காட்சியகம் எல்லாம் பார்த்துவிட்டு, கடைசியில் அந்த ஊர்ப் பள்ளி ஒன்றில் அவள் தானே எழுதிய கட்டுரையை மேடையேறி வாசிக்க வேண்டும். ராத்திரி பகலாக அதை அடித்து அடித்து எழுதினாள். குளியலறையில்கூட வாசித்துப் பார்த்தாள்.

கடைக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. பக்கத்துக் கடைத் தையல்காரர் தாங்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"அண்ணே, போறது உங்க மகளா, நீங்களா? ஒரு வாரமா நீங்கதான் பறந்துக்கிட்டு இருக்கீங்க."

"உனக்கு ஏம்பா வயிறு எரியுது? உன் மகன் போனா நீ பறந்துக்கோ."

விசா முத்திரை விழுந்த பாஸ்போர்ட்டை ஆசிரியை ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுத்தனுப்பினார். மகள் அதை அப்பாவிடம் தந்தாள். கிளம்புகிற அன்று தானே எடுத்து வருவதாகச் சொல்லிக் கடைக்குக் கொண்டு போனார். புரட்டிப் பார்த்தபோதுதான் அவருக்கு மனசு ஆறவில்லை. அந்த ஊரில் எந்நேரமும் மழையாம். இத்தனை முக்கியமான புத்தகம், படம் இருக்கும் பக்கத்தில் ஈயின் இறகு போல ஒரு மெல்லிய தாள். அரசாங்க வேலை அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். கடையிலேயே தடிமனான பிளாஸ்டிக் உறையை எடுத்து, அளவு பார்த்து வெட்டி, புத்தகம் மிஷினுக்குள் நுழையாது என்பதால் இரண்டு பக்கமும் துணி போட்டு இஸ்திரிப் பெட்டியால் பதமாகத் தேய்த்தார். விசாப் பக்கத்துக்கும் ஒன்று. மூலைகளை வளைத்துக் கத்தரித்தார். கண்ணாடி மாதிரி மின்னியது. மகளிடம் மூச்சு விடவில்லை. விமான நிலையத்தில் எடுத்துக் கொடுக்கும்போது அசந்து போகட்டும் என்று வைத்திருந்தார்.

விமான நிலையத்தில் மாணவிகள் வரிசையில் நின்றார்கள். பெற்றோர் பார்வையாளர் சீட்டு வாங்கிக்கொண்டு கயிற்றுக்கு இந்தப் பக்கம். வரிசைக்குள் நுழைகிற நேரத்தில்தான் அவர் பாஸ்போர்ட்டை நீட்டினார். பேச்சு மும்முரத்தில் அவள் அதைத் திறந்து பார்க்கவேயில்லை. கவுன்டரில் இருந்த பெண் ஊழியர் அதை வாங்கி, பக்கத்தை வளைத்துப் பார்த்தார். வளையவில்லை. மிஷினில் வைத்தார். மிஷின் ஏற்கவில்லை. மேலதிகாரியைக் கூப்பிட்டார். ஆசிரியை ஓடி வந்து, "சார், கொஞ்சம் இங்க வாங்க" என்றார்.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் போனார்.

"இதை யார் செஞ்சது?" என்று கேட்டார் அதிகாரி.

"நான்தாங்க. நம்ம கைவேலை. தண்ணியில முக்கி எடுங்க, ஒண்ணும் ஆகாது."

அதிகாரி பாஸ்போர்ட்டை அவர் பக்கம் நகர்த்தினார். "பெரியவரே, இது மேல எதையும் ஒட்டக் கூடாது. இது இனிமே செல்லாது."

"ஒரு எழுத்துகூட அழியலையே சார்."

"எழுத்து அழியலை. ஆனா செல்லாது. புதுசு எடுத்து, மறுபடியும் விசா வாங்கணும்."

"ஒரு இஸ்திரிப் பெட்டி மட்டும் கிடைச்சா போதும் சார். சூடு காட்டிப் பிரிச்சுக் குடுத்துடறேன்." சொல்லிக்கொண்டே நகத்தால் ஓரத்தை நெம்பினார். பிரியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் அழுத்தி இழுத்தார். உறையோடு சேர்ந்து மகளின் படமும் பாதி நெற்றி வரை உரிந்து வந்தது.

"விடுங்கப்பா" என்றாள் மகள். "போதும்."

மற்ற பிள்ளைகளுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஆசிரியை என்ன செய்வார்? மகளின் தோளைத் தொட்டார். வகுப்புத் தோழி ஒருத்திதான் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"ஏய், அங்க யாராச்சும் வாசிச்சாகணுமே. நான் வாசிக்கட்டுமா?"

மகள் பையைத் திறந்து கட்டுரையை எடுத்துக் கொடுத்தாள். "மூணாவது பக்கத்துல கொஞ்சம் நிறுத்தி வாசி. வேகமா போனா புரியாது" என்று மட்டும் சொன்னாள்.

இருவரும் வண்டி பிடித்து வீடு திரும்பினார்கள். வீட்டு வாசலில் பெட்டியைப் பார்த்ததும் மனைவிக்கு விளங்கிவிட்டது. "என்னங்க பண்ணி வெச்சீங்க?" என்றாள். விமானத்துக்குக் கோளாறு என்று சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தார். மகள் முந்திக்கொண்டாள்.

"பத்திரமா இருக்கட்டும்னு செஞ்சாரும்மா. அப்பா, இனிமே எதையும் எனக்காகப் பத்திரமா வைக்காதீங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார்.

மறுநாள் கடையைத் திறந்தார். தையல்காரர் ஏதாவது குத்திப் பேசுவார் என்று காத்திருந்தார். அந்த மனுஷன் தலையைத் தூக்காமல் தைத்துக்கொண்டிருந்தார். அதுதான் இன்னும் சுட்டது. சான்றிதழோடு வந்த ஒருவனை, மிஷின் பழுது என்று சொல்லி அனுப்பிவிட்டார். மிஷின் சூடேறித் தயாராகத்தான் இருந்தது.

இரண்டு மூன்று நாள் கழித்துச் சாப்பிட வீட்டுக்கு வந்தபோது, மகளும் தாயும் ஜன்னலோரம் ஒரே போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். தோழி அனுப்பிய படங்கள். மேடையில் அந்தப் பெண் நிற்கிறாள், கையில் அந்தக் கட்டுரை. இவர் காலடிச் சத்தம் கேட்டதும் மகள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"நல்லா வாசிச்சாளாமா?" என்று கேட்டார்.

"எல்லாரும் கை தட்டினாங்களாம்."

ஊரையே பேசி மடக்குகிற மனிதர், கை கழுவக்கூடப் போகாமல் அங்கேயே நின்றார். மனைவி எழுந்து தட்டு எடுக்கப் போனாள். மகள் போனை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய், கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டாள்.