வாழைக்கன்று கட்டிய கேரவனும் கம்போங் பெத்தா சாலையும்

எண்டாவ்-ரொம்பின் தேசியப் பூங்காவுக்குக் கேரவன் இழுத்துக்கொண்டு போக முடியுமா என்று தேடி இந்தப் பக்கத்துக்கு வந்திருந்தால், பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மண்சாலை தொடங்குமுன் வரும் கடைசி ஊரான கஹாங் வரைக்கும் போகலாம். நாங்கள் அதற்கு மேலும் இருபத்து மூன்று கிலோமீட்டர் போனோம். போயிருக்கக் கூடாது.

போன அக்டோபரில், ஆயுத பூசை முடிந்து வந்த சனிக்கிழமை இந்தப் பயணம். என் அத்தான், அதாவது அக்காவின் கணவர், பாசீர் கூடாங் துறைமுகத்துக்குக் கொள்கலன் லோரி ஓட்டுகிறார். ஓட்டத் தொடங்கிப் பதினெட்டு வருடமாகிறது. இரண்டு பேர் படுக்கிற கட்டில், ஓர் அடுப்பு, அலமாரி அளவுக்கு ஒரு கழிவறை என்று எல்லாம் அடங்கிய பழைய கேரவன் ஒன்றை வாங்கி வந்தார். அக்கா செனாயில் ஒரு தொழிற்சாலையில் லைன் லீடர். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில், இவருக்கு இரவு ஓட்டம் என்றால் அவளுக்குப் பகல் ஷிப்ட், மாறினால் இருவருக்கும் சேர்ந்தே மாறும். காட்டில் ஒரு ராத்திரி தூங்க வேண்டும் என்பது அக்காவின் ஆசை.

நான் எதற்கு என்று கேட்பீர்கள். நான் நில அளவை படித்தவள். எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள். அதனால் எந்த விண்ணப்பப் பாரத்தை நிரப்புவதென்றாலும் எந்த ஊருக்கு வழி பார்ப்பதென்றாலும் என் தலையில்தான் விடியும். அத்தான் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒரு வருடமாகிறது. "என்ன பட்டதாரி, பிளான் ரெடியா லா?" என்பார். நான் சிரித்துவிட்டு அறைக்குள் போய்விடுவேன். எனக்கு அவ்வளவுதான் பேச்சு வரும்.

ஆனால் பிளான் நன்றாகவே போட்டேன். இழுவை வண்டியோடு போகிறவர்களுக்குத் தூரத்தைவிடத் திரும்புகிற இடம் முக்கியம். அத்தானின் பிக்அப், கேரவன், நடுவில் இருக்கும் கொக்கி எல்லாம் சேர்த்து நாடா வைத்து அளந்தேன்: பதினொரு மீட்டர் இருபது சென்டிமீட்டர். குறுகலான மண்சாலையில் இதைப் பின்னால் எடுத்தால் இரண்டும் கத்தரிக்கோல் மாதிரி மடங்கிக்கொள்ளும். கஹாங்கிலிருந்து பூங்கா நுழைவாயில் இருக்கும் கம்போங் பெத்தா வரை சுமார் 56 கிலோமீட்டர். முதல் பாதி எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்கள், பிறகு காடு. செயற்கைக்கோள் படத்தில் ஒவ்வொரு வளைவாகப் பார்த்து, செம்பனைக் குலை ஏற்றும் லோரிகள் திரும்புகிற களங்களைக் குறித்தேன். ஒன்பது களங்கள். ஒன்பதாவது, முப்பதாவது கிலோமீட்டரில். அங்கே கேரவனை நிறுத்திவிட்டு, பூங்காவைப் பகலில் பிக்அப்பில் போய்ப் பார்த்துவிட்டு வந்து தூங்குவது என்று திட்டம். அத்தானின் நண்பர் அந்தத் தோட்டத்தில் லோரி ஓட்டுகிறார், அவர் மூலமாக அனுமதியும் வாங்கியாயிற்று.

எல்லாவற்றையும் நான்கு பக்கத்தில் அச்சடித்துக் கொடுத்தேன். அத்தான் முதல் பக்கத்தைப் பார்த்தார். அக்கா அழகாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். "படிச்சவ போட்டது, தப்பா இருக்காது" என்றாள். நான்காவது பக்கத்தில் யானை நடமாட்டம் பற்றி ஒரு பத்தி இருந்தது. வாழை, கரும்பு, பலா எதையும் வெளியே தெரியும்படி கொண்டு போகக் கூடாது என்று நானே தட்டச்சு செய்திருந்தேன்.

சனிக்கிழமை விடிகாலை ஐந்தரைக்குக் கூலாய் வீட்டு வாசலில் கேரவனுக்குப் பூசை. கேரவன் வந்து சேர்ந்தது ஆயுத பூசைக்கு மறுநாள்தான், பூசைக்கு அது இல்லையே என்று அக்காவுக்கு ஒரே குறை. சந்தனம், குங்குமம், சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம். பின்வீட்டுக்காரரிடம் கேட்டு வெட்டி வந்த இரண்டு வாழைக்கன்றுகள் கேரவன் கதவின் இரு பக்கமும் நின்றன. ஆளுயரத்துக்கு நான்கு கரும்பு. அத்தான் கொள்கலன் கட்டுகிற நைலான் கயிற்றால் கைப்பிடிக் கம்பியோடு சேர்த்து இறுக்கினார். "மெர்சிங் வரைக்கும் போனாலும் அசையாது" என்று தட்டிக் காட்டினார்.

நான் பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்கு உடனே நினைவு வந்தது. "அக்கா, அந்த வாழை..." என்றேன்.

"என்ன பாப்பா? அழகா இருக்குல்ல?"

சூடம் தட்டு அவள் கையில் எரிந்துகொண்டிருந்தது. பூசைக்குக் கட்டியதை அவிழ்க்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஒண்ணுமில்லக்கா" என்றேன். கஹாங்கில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

6.10க்குக் கிளம்பினோம். லாயாங் லாயாங் வழியாக உள்ளே போனால் தூரம் குறைவு, ஆனால் சாலை ஒடுக்கம். அதனால் நெடுஞ்சாலையில் ஆயர் ஈத்தாம் வரை போய்க் கிழக்கே திரும்பினோம். வேகம் 80க்கு மேல் போகவில்லை. 7.50க்குக் குளுவாங்கில் பசியாறினோம். மூன்று பேருக்கு ரொட்டி சானாயும் காப்பியும் 19 வெள்ளி 50 காசு. கேரவனை நிறுத்த நான்கு கார் இடம் தேவைப்பட்டது, அதனால் கடையிலிருந்து முந்நூறு மீட்டர் நடந்தோம். 9.20க்குக் கஹாங். டீசல் 90 வெள்ளிக்கு நிரப்பினோம். அதுவே கடைசி எண்ணெய் நிலையம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கஹாங்கிலும் நான் சொல்லவில்லை. அக்கா கேரவன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

தோட்டத்துத் தடுப்புக் கம்பத்தில் இருந்த காவலாளி வாழையையும் கரும்பையும் பார்த்துச் சிரித்துவிட்டார். "கெண்டுரி கா, பாங்?" கல்யாண விருந்தா என்று அத்தானைக் கேட்கிறார். "ஆமா, எனக்கும் இவளுக்கும் ரெண்டாவது தடவை" என்று அத்தானும் மலாயிலேயே சொல்ல, அக்கா அவர் தோளில் ஒரு அடி போட்டாள்.

மண்சாலை காய்ந்திருந்தது. சிவப்புத் தூசி. மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகம். ஐந்தாவது களத்தைத் தாண்டி, மீட்டர் 23 காட்டியபோது அத்தான் சாலையோரம் நிறுத்தினார். கொக்கியைப் பார்க்க வேண்டுமாம். இறங்கிப் பார்த்தார், சக்கரங்களைத் தட்டினார். அக்கா "ஒரு டீ போடுறேன்" என்று கேரவனுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் பிக்அப்பின் முன் இருக்கையில் வரைபடத்தில் நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தேன். மணி 10.52.

யானை வந்தால் கிளை முறியும், தரை அதிரும் என்று நினைத்திருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. அத்தான் வெளியிலிருந்து வந்து ஓட்டுநர் இருக்கையில் ஏறியதும், கதவைச் சாத்தாமல் மெதுவாக இழுத்துப் பிடித்துக்கொண்டதும்தான் எனக்கு வித்தியாசமாகப் பட்டது. அவர் முகத்தில் ரத்தம் இல்லை. பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன். கேரவனின் கதவு தெரியவில்லை. கதவு இருந்த இடத்தில் சேறு காய்ந்த சாம்பல் நிறச் சுவர் ஒன்று நின்றது. அந்தச் சுவர் மூச்சு விட்டது.

"அலமாக்" என்றார் அத்தான், காற்று மாதிரி.

கேரவன் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கூடவே பிக்அப்பின் பின்பக்கம் ஏறி இறங்கியது. வாழை நார் கிழிகிற சத்தம் கேட்டது, துணிக்கடையில் துணி கிழிப்பார்களே, அதே சத்தம். உள்ளே அக்கா. அவள் கத்தவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அத்தானின் கை சாவியில் இருந்தது. "இழுத்துட்டுப் போயிர்றேன். ஹாரன் அடிச்சா ஓடிரும்."

அவர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அப்போது முன்னால் பார்த்தேன். பத்தடி தூரத்தில், சாலையின் நடுவில், ஒரு குட்டி நின்றுகொண்டிருந்தது. பிக்அப்பின் மூக்கு உயரம்கூட இல்லை. வலப்பக்கச் செம்பனை வரிசைக்குள் இன்னும் இரண்டு பெரியவை. நாங்கள் நகர்ந்தால் குட்டியின் மேல்தான் போய் நிற்போம். அதன் தாய், அநேகமாக, என் அக்காவின் கதவில் இருந்தது.

நான் சாவியைத் திருகி உருவி எடுத்துவிட்டேன். எப்படி எடுத்தேன் என்று தெரியவில்லை. அவர் கை ஹாரனுக்குப் போனது. "ஹாரன்ல இருந்து கைய எடுங்க அத்தான்" என்றேன். அவரிடம் அப்படி ஒரு வாக்கியம் நான் பேசியதே இல்லை. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். யானையைப் பார்த்ததைவிட அதிர்ந்துபோய்ப் பார்த்தார் என்றுதான் சொல்ல வேண்டும். குட்டியைக் கை காட்டினேன். கையை எடுத்துவிட்டார்.

தொலைபேசியில் சிக்னல் இல்லை. இருந்திருந்தாலும் அக்காவைக் கூப்பிட்டிருக்க முடியாது, உள்ளே மணி அடிக்கும். குட்டிக்கு அப்பால் தூரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் நிற்பதை அப்புறம்தான் கவனித்தேன். ஓட்டி வந்த பெண் எஞ்சினை அணைத்துவிட்டு, உள்ளங்கையைக் கீழே காட்டி மெல்ல அமுக்கிக்கொண்டிருந்தார். உட்கார்ந்திரு, உட்கார்ந்திரு. உட்கார்ந்திருந்தோம். கயிறு விடவில்லை. யானை இழுக்க இழுக்கக் கைப்பிடிக் கம்பியும் கதவுச் சட்டமும் சேர்ந்து வந்தன. கண்ணாடியில் கதவு ஒரு தகரத் தாள் மாதிரி வளைந்து வெளியே வந்ததைப் பார்த்தேன். திறந்த வாசலுக்குள் தும்பிக்கை போனது. அத்தான் அழ ஆரம்பித்தார். சத்தமே இல்லாமல், ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி. நான் சாவியை உள்ளங்கையில் அழுத்திக்கொண்டு, தப்பு செய்துவிட்டேனா, தப்பு செய்துவிட்டேனா என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தும்பிக்கை வெளியே வந்தது. நான்கு கரும்பில் இரண்டு அதோடு போயின. முதலில் தாய், பிறகு குட்டி, பிறகு மற்ற இரண்டும் சாலையைக் கடந்து இடப்பக்கம் இறங்கின. மணி 11.03. பதினொரு நிமிடம். மோட்டார்ப் பெண் மேலும் ஐந்து நிமிடம் கையைத் தாழ்த்தவே இல்லை. பிறகுதான் மெதுவாக உருட்டிக்கொண்டு வந்தார்.

அக்கா கழிவறைக்குள் இருந்தாள். மூடியின் மேல் கால்களை மடக்கி உட்கார்ந்து, கதவை உள்பக்கம் பிடித்தபடி. அடுப்பை அணைத்து, கேஸ் குழாயையும் மூடிவிட்டுத்தான் உள்ளே போயிருக்கிறாள். தொழிற்சாலைப் பழக்கம். வெளியே வந்தவள் கழன்று தொங்கிய கம்பியையும் அதில் இன்னும் இறுகியிருந்த முடிச்சையும் பார்த்தாள். "அசையவே இல்லைங்க உங்க முடிச்சு" என்றாள். பிறகு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைத் தடவித் தடவிப் பார்த்தார்.

மோட்டார்ப் பெண் கம்போங் பெத்தாவைச் சேர்ந்த ஓராங் அஸ்லி பழங்குடிக்காரர், கஹாங்குக்குச் சாமான் வாங்கப் போகிறவர். கீழே கிடந்த வாழை மட்டையைக் காலால் புரட்டினார். "இத்தனை வருஷமா இந்த ரோட்டுல போறேன். சாப்பாட்டை வீட்டு வாசல்லயே கொண்டாந்து குடுத்தவங்க நீங்கதான்" என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். அக்காவும் சிரித்தாள். அப்போது எனக்கு வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"எனக்குத் தெரியும்க்கா. காலையிலேயே தெரியும். சொல்ல வந்தேன்."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது. "சொல்ல வந்தியா?"

"பூசைக்குக் கட்டினது... நீ ஆசையா..."

"என் தங்கச்சி டிகிரி படிச்சவன்னு லைன்ல இருக்கிற எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன் பாப்பா. அந்தப் படிப்ப எனக்குச் சொல்லமாட்டியா?"

கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி கேட்டாள்.

மீதி வாழையையும் கரும்பையும் அறுத்து அங்கேயே போட்டோம். அந்தப் பெண் முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஆறாவது களம்வரை கூடவே வந்தார். ஒன்றரைக் கிலோமீட்டர். அங்கே கேரவனைத் திருப்பி, கதவு இருந்த வாசலைத் துணி போட்டுக் கட்டி, 1.40க்குக் கஹாங் வந்தோம். பூங்காவைப் பார்க்கவில்லை. அன்று மாலை கூலாயில் இருந்தோம்.

இனி, போக நினைக்கிறவர்களுக்கு. கேரவனை இழுக்க என்ன லைசென்ஸ் வேண்டும் என்று சாலைப் போக்குவரத்து அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். கேரவனைக் கஹாங்கிலேயே, பாதுகாப்பாக ஓரிடம் பேசி விட்டுவிட்டு, நான்கு சக்கர ஓட்டமுள்ள வண்டியில் உள்ளே போங்கள். அடைமழை மாதங்களில் பூங்காவை மூடுவார்கள், கிளம்பும் முன் விசாரியுங்கள். தோட்டத்துச் சாலையில் நிறுத்தினால் யாரும் கேரவனுக்குள் ஏற வேண்டாம், ஐந்து நிமிடத்துக்குக்கூட. பூசை செய்யுங்கள், நாங்களும் செய்வோம், கட்டியதை வாசலிலேயே அவிழ்த்துவிட்டுக் கிளம்புங்கள். நான் அதிர்ச்சியிலிருந்து இன்னும் முழுதாக வெளியே வரவில்லை. தும்பிக்கை உள்ளே போனது ராத்திரி கண்ணை மூடினால் வருகிறது. அதைவிட, தெரிந்ததைச் சொல்லாமல் ஐந்து மணி நேரம் நான் பிக்அப்பில் உட்கார்ந்து வந்தேனே, அதுதான் எனக்கு நம்ப முடியவில்லை. அச்சடித்துக் கொடுத்தால் சொன்னதாக ஆகிவிடும் என்று நினைத்திருந்தேன்.

போன வாரம் பாலோவில் ஒரு நிச்சயதார்த்தம். கேரவன் இல்லை, சாதாரண கார், ஒன்றரை மணி நேரப் பயணம். வழியை ஒரு தாளில் எழுதி அக்காவிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. காரின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, ஏறாமல் நின்றாள்.

"வாசி" என்றாள்.

பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். என் காது சூடானது. வாசித்தேன். "சத்தமா" என்றாள். சத்தமாக வாசித்தேன். கடைசி வரி வரைக்கும் கேட்டுவிட்டுத்தான் ஏறி உட்கார்ந்தாள்.