ஐயாவுக்குப் போட்ட நாற்காலி

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். பனவடலிசத்திரத்தில் பருத்தி போட்டு என்னை பி.ஏ. வரை படிக்கவைத்தவர் என் ஐயா மூக்காண்டி. 1978இல், பட்டமளிப்பு முடிந்த மறுநாள், கறுப்பு அங்கியோடு நானும் அவரும் சங்கரன்கோவில் ஸ்டுடியோவில் படம் எடுக்கப் போனோம். வாடகை அங்கியை அன்று சாயங்காலமே மதுரைக்குத் திருப்பி அனுப்ப வேண்டும்.

ஊரில் வெறும் தண்ணீர் தொட்டுச் சவரம் செய்துகொள்கிறவர், அன்றுதான் முதன்முதலாக சலூனுக்குள் நுழைந்தார்.

“மவன் பி.ஏ.ல்லா அண்ணாச்சி! ஒம்மள மாப்பிள்ளையா ஆக்கிருதேன்” என்ற சலூன்காரர், இரண்டு தடவை மழித்து, படிகாரம் தேய்த்து, ஸ்னோவும் பூசினார்.

“எரியுதே வே!”

“எரிஞ்சாத்தான் பளபளப்பு!”

ஸ்டுடியோவுக்கு வருவதற்குள் கன்னம் சிவந்து தடித்துவிட்டது. ஐயா தமக்குப் போட்ட நாற்காலியில் உட்காராமல் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

“இந்த மூஞ்சியோட பக்கத்துல இருந்தா ஒனக்குத்தாம்ல கொறச்சல். நீ மட்டும் நில்லு.”

கெஞ்சியும் கேட்கவில்லை. காலி நாற்காலிக்குப் பக்கத்தில் நான் மட்டும் நின்று படம் எடுத்துக்கொண்டேன்.

“வெயிலுக்கு எரியாத மூஞ்சி ஸ்னோவுக்கு எரியுதாக்கும்” என்று வீட்டில் அம்மா கேலி செய்தாலும், பச்சைத் தண்ணீரில் கழுவி, நான் வாங்கிவந்த ரோஸ் நிற லோஷனைப் பஞ்சால் மெதுவாக ஒற்றிவிட்டாள். வேறெதையும் பூசவிடவில்லை. சில நாளில் முகம் தெளிந்தது.

“இப்பம் போவோமாலே?” என்றார் ஐயா. அங்கி போய்விட்டிருந்தது.

சாகும்வரை, வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அந்தப் படத்தைக் காட்டி, “இந்தச் சேர் எனக்குப் போட்டது” என்பார்.