தகப்பன் வீட்டுக்குப் போன நீர்மகள்

நொர்வேயில், வெஸ்ட்லியில் ஐந்தாம் மாடி வீட்டுக்கு வந்து இரண்டு வருடமாகியும் வசந்தமலருக்கென்று ஒரு சாவி கிடையாது. "ரெண்டு பேருக்கு ஒண்டு காணும்தானே?" என்பது கணவன் இந்திரகுமாரின் நியாயம். இழுத்துச் சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் கதவு அது. வெளியே போகத் தடையில்லை. திரும்பி உள்ளே வரத்தான் வழியில்லை. அடிக்கிற மனுஷன் என்று யாரும் அவனைச் சொல்லிவிட முடியாது. அவளுடைய கடவுச்சீட்டைத் தன் அலுமாரியில் வைத்துப் பூட்டியிருந்தான், அவ்வளவுதான். கடைக்குக் கூட்டிப்போனான், கோயிலுக்குக் கூட்டிப்போனான், கையோடு கூட்டிவந்தான். இதற்குப் பொறுப்பு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது.

ஊருக்குத் திரும்பி வரட்டுமா என்று அப்பாவிடம் ஒரே ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். இரண்டு வருடமாக அவள் நெஞ்சில் கிடந்தது இது ஒன்றுதான். ஆனால் யாழ்ப்பாணத்துக்கு ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு மட்டுந்தான் தொலைபேசி எடுப்பார்கள். அதுவும் ஸ்பீக்கரில், இந்திரகுமார் பக்கத்தில் இருக்க. "மறைச்சுக் கதைக்க என்ன கிடக்கு?" என்பான்.

அவளுக்கென்று இருந்தது நொர்வேஜிய மொழி வகுப்பு. திங்களும் புதனும், இரண்டரை மணி நேரம். அதற்கும் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருவது இந்திரகுமார்தான். 2003ஆம் ஆண்டு மாசி மாதம் ஆசிரியை ஆளுக்கொரு கதைத்தாள் கொடுத்து, வீட்டில் யாருக்காவது சொல்லிப் பழகிவரச் சொன்னாள். வசந்தமலருக்குக் கிடைத்தது தெத்திஸ் என்கிற நீர்மகளின் கதை, கிரேக்கரின் பழங்கதை. அகராதியைப் புரட்டிப் புரட்டி மூன்று நாளில் வாசித்து முடித்தாள். முடித்ததும் கடைசி வரிக்குத் திரும்பப் போனாள்.

ஞாயிறு வந்தது.

"அப்பா, வகுப்பிலை ஒரு கதை தந்தவை. சொல்லட்டே?"

"சொல்லு பிள்ளை."

"கடலுக்குள்ளை நீரியஸ் எண்டு ஒரு கிழவர். அவருக்கு ஐம்பது பெட்டையள். அதிலை ஒருத்தி தெத்திஸ். கரைக்கு வந்த நேரம் பீலியஸ் எண்ட மனுசன் அவளைப் பிடிச்சிட்டான். அவள் நெருப்பா மாறினாள், தண்ணியா மாறினாள், சிங்கமா, பாம்பாக் கூட மாறிப் பாத்தாள். அவன் விடேல்லை. களைச்சுப் போய்ப் பழையபடி பெட்டையாகினாள். பேந்து கலியாணம். எல்லாத் தெய்வமும் வந்ததாம்."

"தகப்பனும் வந்தவரோ?"

"வந்து சாப்பிட்டிட்டுப் போனவர், அப்பா."

தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்த இந்திரகுமார் சிரித்துவிட்டான். நல்ல கதைதான், சொல்லட்டும் என்று இருந்தான்.

"ஒரு மகனும் பிறந்தவன். ஆனா அவளுக்கு அங்கை இருக்க ஏலாமல் போச்சு. எல்லாத்தையும் விட்டிட்டுத் தகப்பன் வீட்டை போயிட்டாள்."

"தகப்பன் என்ன சொன்னவர்?"

"தாளிலை அது இல்லை. நீங்களெண்டால் என்ன சொல்லுவியள், அப்பா?"

மறுமுனையில் கதிரை நகர்கிற சத்தம் கேட்டது.

"கடலுக்குள்ளை அயலட்டை இல்லை, பிள்ளை," என்றார் அப்பா மெதுவாக. "ஆரும் வந்து கேள்வி கேக்காயினம். எனக்கு, உனக்குப் பின்னாலை கட்டிக்குடுக்க ரெண்டு குமர் இருக்கு."

அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்காமல் போயிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

"தம்பி பக்கத்திலை நிக்கிறாரோ?" என்று மருமகனைக் கேட்டார்.

"ஓம் மாமா, சொல்லுங்கோ."

"அந்த வகுப்பு இனிக் காணும், தம்பி. கொஞ்ச நாளைக்கு வீட்டிலை இருக்கட்டும்."

"நானும் அதைத்தான் யோசிச்சனான், மாமா," என்று இந்திரகுமார் ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டான்.

திங்கட்கிழமை காலை வகுப்பு நேரத்துக்கு வசந்தமலர் குளிர்ச்சட்டையும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். அவன் அவளை விலத்திக்கொண்டு தனியாக இறங்கிப் போனான்.